யாருடைய கடன்?

டெல்லி கன்னாட் பிளேசை ஒட்டி இரண்டு இடங்கள். ஒன்று பங்ளா சாகிப் குருத்வாரா, இன்னொன்று ஜந்தர் மந்தர். இடையில் கால் மணி நேர நடை. முதல் இடத்தில் காசு வாங்காமல் வேலை செய்ய ஆட்கள் முந்துவார்கள். வாசலில் செருப்பைத் துடைத்து வைக்க, உள்ளே சப்பாத்தி தேய்க்க, சாப்பிட்ட தட்டைக் கழுவ என்று பெரிய பதவியில் இருப்பவர்கள்கூடத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாவது இடத்தில், செய்த வேலைக்குக் காசு கேட்டு வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

2020 ஆகஸ்ட் 9 அன்று ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்களில் ஆஷா பணியாளர்களும் இருந்தார்கள். கொரோனா ஊரடங்கு அறிவித்து நான்கு மாதம் தாண்டியிருந்தது. கூட்டம் கலைந்த பிறகு, சமூக இடைவெளி விதிகளை மீறியதாக நாடாளுமன்றச் சாலைக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிந்தார்கள். இடைவெளி விட்டு நில்லுங்கள், கையைக் கழுவுங்கள் என்று அந்த நான்கு மாதமும் கதவு கதவாகத் தட்டிச் சொன்னவர்கள் மேல்தான் அந்த வழக்கு.

வழக்கை ஒரு பக்கம் வைத்துவிடலாம். அந்தப் பெண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பலருக்கும் நாக்கின் நுனியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்று உண்டு. ஊரே சாகக் கிடக்கும்போது தொண்டு செய்கிறவர்கள் கூலி கேட்கலாமா? கேள்வி பழையது. பங்ளா சாகிபுக்கும் ஜந்தர் மந்தருக்கும் நடுவிலேயே அதற்கான வாதங்கள் கிடக்கின்றன.

முதலில் ஆஷா யார் என்று பார்த்துவிடலாம். 2002-ல் சத்தீஸ்கர் அரசு 'மித்தானின்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஊர் வழக்கில் மித்தானின் என்றால் சடங்கு செய்து ஏற்றுக்கொண்ட தோழி. சாதி குறுக்கே நிற்காத உறவு அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2005-ல், தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் அதே யோசனையை நாடு முழுக்கக் கொண்டுபோனபோது தோழி போய் 'ஆஷா' வந்தது. இந்தியில் நம்பிக்கை என்று பொருள். 2013-க்குப் பிறகு நகரங்களுக்கும் விரிந்தது. நகரத்தில் ஓர் ஆஷாவுக்கு 200 முதல் 500 வீடுகள். அதே பகுதியில் குடியிருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். அரசின் கணக்கில் அவர் ஊழியர் அல்லர், தன்னார்வலர். சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை உண்டு. நகரத்தில் ஒரு கர்ப்பிணியைப் பேறுகாலம்வரை பார்த்து அரசு மருத்துவமனையில் பிரசவிக்க வைத்தால் 400 ரூபாய். ஒரு குழந்தைக்கு முதல் ஆண்டுத் தடுப்பூசிகள் முழுவதையும் போடவைத்தால் 100 ரூபாய். மதிப்பூதியம் என்று தமிழில் அழகான சொல் ஒன்று இருக்கிறது. அதில் மதிப்பு கூடக் கூட ஊதியம் இளைத்துவிடும் போலிருக்கிறது.

டெல்லியில் இப்படிச் சுமார் 6,000 பெண்கள். தெருக்காரர்கள் இவர்களை 'ஆஷா தீதி' என்று கூப்பிடுவார்கள். தீதி என்றால் அக்கா. அந்த அழைப்பில் பாசம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அக்காவிடம் யாரும் கூலி பேசுவதில்லை என்பதும் அதே அழைப்புக்குள் இருக்கிறது.

2020-ல் வேலை எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று கயிறு கட்டிய சந்துகளுக்குள் போய் யாருக்குக் காய்ச்சல், யார் வெளியூரிலிருந்து வந்தவர் என்று கணக்கெடுப்பது, வீட்டுத் தனிமையில் இருப்பவர்களை விசாரிப்பது, பல்ஸ் ஆக்சிமீட்டரில் அளவு பார்ப்பது. இவற்றுக்கு நடுவே கர்ப்பிணிகளும் தடுப்பூசிக் குழந்தைகளும் காத்திருந்தார்கள். சங்கம் விகார், சீலம்பூர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும், ஜங்புராவில் பாரபுல்லா நாலாவின் கரையில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து 2025 ஜூன் 1 அன்று இடிபட்ட மதராசி கேம்ப் போன்ற இடங்களிலும் தனிமையில் இருங்கள் என்று ஒருவரிடம் சொல்வதற்கே தனித் தைரியம் வேண்டியிருந்தது. ஒரே அறை, அதில் ஐந்தாறு பேர். தனிமைக்கு இடம் எங்கே?

காலமும் மோசமானது. அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் வடகிழக்கு டெல்லி வன்முறையில் 53 பேர் இறந்திருந்தார்கள். மார்ச் முடிவில் நிஜாமுதீன் மர்கஸில் நடந்த முஸ்லிம்களின் மதக் கூட்டத்தில் தொற்று பரவிய செய்தி வந்து, நோய்க்கே மதம் ஒட்டப்பட்டது. குடியுரிமைக் கணக்கெடுப்பு பற்றிய பயம் வேறு. பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர் என்று நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும் பெண்ணை யார் நம்புவார்கள்? ஏப்ரல் தொடக்கத்தில் பெங்களூரில் கணக்கெடுக்கப் போன ஆஷா பணியாளர்களைக் கும்பல் சூழ்ந்து தாக்கியது. சுகாதாரப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழாண்டுவரை சிறை என்று ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டம் வந்தது. சட்டம் அடியைத் தடுக்கலாம், கதவைத் திறக்கவைக்காது. ஏற்கெனவே தங்கள் வீட்டுப் பிரசவத்துக்குக் கூட வந்தவள் இவள் என்பதால் கதவைத் திறந்தவர்கள் உண்டு.

நோய் கண்ட வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டும் வழக்கம் அப்போது இருந்தது. இதைத் தமிழர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அம்மை கண்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகுவது நமக்குத் தெரிந்த பழக்கம். பார்த்தவுடன் தெருவுக்கே புரியும்: வெளியாள் உள்ளே போகக் கூடாது, தாளிக்கும் வாசனை வரக் கூடாது, இரைந்து பேசக் கூடாது. செயலளவில் அதுவும் தனிமைப்படுத்தல்தான். ஆனால் வேப்பிலை 'இங்கே ஆத்தா வந்திருக்கிறாள்' என்றது. நோயாளி அருவருப்புக்கு உரியவர் ஆகாமல் மரியாதைக்கு உரியவரானார். வட இந்தியாவில் அம்மைத் தெய்வமான சீதளா மாதாவுக்கும் அதே வேலைதான். காகிதம் மரியாதை எதையும் கொண்டுவரவில்லை, விலக்கிவைப்பதை மட்டும் கொண்டுவந்தது. டெல்லி அரசு சில மாதங்களிலேயே அந்த வழக்கத்தைக் கைவிட்டது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் கதவில் ஒட்டக் கூடாது என்றது. ஒட்டிய காகிதம் சுமத்திய அவமானத்தை வாசலில் நின்று பேசிப் பேசி இறக்கிவைக்கும் வேலை, எந்த ஊக்கத்தொகைப் பட்டியலிலும் இல்லாத வேலை, தீதிக்கு வந்தது.

பங்ளா சாகிபும் ஒரு கொள்ளைநோயில் பிறந்த இடம்தான். 1664-ல் டெல்லியில் அம்மை பரவியபோது, சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர் கிருஷன் ஆம்பர் அரசர் ஜெய் சிங்கின் மாளிகையில் தங்கியிருந்தார். வயது ஏழு. இன்ன மதம் என்று பாராமல் நோயாளிகளுக்கு அங்கிருந்த கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தார் என்றும், மார்ச் 30 அன்று அதே அம்மையில் மறைந்தார் என்றும் சீக்கிய மரபு சொல்கிறது. அந்த மாளிகைதான் பங்ளா. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 28,000-க்கு மேல் தொற்று பதிவாகி, டெல்லி ஆக்சிஜனுக்கு அலைந்தபோது, அந்தப் பரம்பரை கண்ணுக்குத் தெரிந்தது. குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகப் போடும் சாப்பாட்டுக்கு லங்கர் என்று பெயர்; காசியாபாத் இந்திராபுரம் குருத்வாரா சாலையோரத்தில் ஆக்சிஜன் லங்கர் நடத்தியது. மே மாதம் ரகாப் கஞ்ச் குருத்வாராவில் 400 படுக்கைகளோடு சிகிச்சை மையம் திறந்தார்கள்.

இதைக் காட்டித்தான் சிலர் கேட்கிறார்கள்: அவர்கள் காசா கேட்டார்கள்? கேட்கவில்லை. ஆனால் அதே சீக்கிய நெறியில் சேவைக்குப் பக்கத்திலேயே நேர்மையாக உழைத்துச் சம்பாதி என்ற கட்டளையும் இருக்கிறது. செருப்பைத் துடைக்கிறவர் ஒரு மணி நேரம் கழித்துத் தன் கடைக்கோ அலுவலகத்துக்கோ போகிறார். அடுப்பு வேறிடத்தில் எரிகிறது. காலையிலிருந்து இரவுவரை சந்துகளில் நடக்கும் பெண்ணுக்கு வேறிடம் எது?

ஐரோப்பாவில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. 1527-ல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய். நோய்க்குப் பயந்து ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரப் பாதிரிகள் மார்ட்டின் லூதரிடம் கேட்டிருந்தார்கள். லூதரின் பதில் கறாரானது. உயிருக்குப் பயந்து ஓடுவது பாவமல்ல. ஆனால் பாதிரி, நகர அதிகாரி, பொது மருத்துவர் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள் ஓடக் கூடாது, பொறுப்பு அவர்களைக் கட்டுகிறது. அவரும் ஓடவில்லை. இதை ஆஷாவுக்குப் போட்டுப் பார்த்தால் டெல்லியின் கணக்கு எங்கே பிசகுகிறது என்று தெரிகிறது. பொறுப்பில் இல்லாத தன்னார்வலர் என்றால் அவர் ஓடியிருக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ஓடக் கூடாது என்றால் அவருக்குப் பொறுப்பு இருக்கிறது, ஆகவே பதவியும் இருக்கிறது. வேலை வாங்கும்போது ஊழியர், கணக்குப் பார்க்கும்போது தன்னார்வலர் என்று இரண்டு படிகளை வைத்து அளப்பது வியாபாரத்தில்கூட நடக்காது.

தமிழில் இதற்குச் சரியான சொல் ஒன்று உண்டு. கடன். செய்ய வேண்டியதும் கடன், திருப்பிக் கொடுக்க வேண்டியதும் கடன். அப்பர் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியபோது, அது அவருக்கும் சிவனுக்கும் இடையிலான கடன். நடுவில் மூன்றாம் ஆள் இல்லை. வள்ளுவர் ஒப்புரவுக்கு மழையைக் காட்டியபோதும் பேசியது மழையின் குணத்தை. மழையை வேலைக்கு வைத்தவர் என்று யாரும் அங்கே இல்லை. கீதையும் அப்படித்தான். பலனில் பற்று வைக்காதே என்று கண்ணன் சொன்னது வில்லேந்தியவனிடம். படைவீரனுக்குப் படி கொடுக்க வேண்டிய அரசன் அதை எடுத்துச் சொன்னால் உபதேசம் அங்கேயே கெட்டுவிடுகிறது. பற்றின்மை தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் விரதம். அடுத்தவரை விரதம் இருக்கச் சொல்வதற்குப் பெயர் பட்டினி போடுவது.

இந்தச் சண்டை டெல்லிக்குப் புதிதல்ல. பங்ளா சாகிபிலிருந்து அதிகத் தொலைவில்லாத வால்மீகி கோயிலில், துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நடுவில், காந்தி 1946-47-ல் தங்கியிருந்தார். அவர்களுடைய வேலையைத் தாய் செய்யும் வேலைக்கு ஒப்பிட்டவர் அவர். அந்த மனசைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் அவர்கள் வேலைநிறுத்தம் செய்வதை அவர் ஏற்கவில்லை. அந்தப் புகழ்ச்சியைக் கதியற்றவர்கள் மேல் நடத்தும் கொடிய கேலி என்று அம்பேத்கர் 1945-லேயே எழுதியிருந்தார். 2020-லும் புகழ்ச்சிக்குக் குறைவில்லை. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு, சுகாதாரப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல, பால்கனிகளில் தட்டும் கரண்டியும் ஒலித்தன. மே 3 அன்று ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூத் தூவின. ஆஷாக்களுக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீடும் அறிவித்தார்கள், ஆனால் அது இறந்தால். உயிரோடு நடப்பதற்குக் கொரோனா வேலைக்கென்று மாதம் 1,000 ரூபாய். அம்பேத்கர் எழுதியது பழசாகிவிடவில்லை.

எதிர்வாதத்தில் வலுவானது ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போவது நியாயமில்லை. ரிச்சர்ட் டிட்மஸ் 1970-ல் ரத்த தானம் பற்றி எழுதிய புத்தகத்தில், காசு நுழையும் இடத்தில் கொடுக்கும் மனம் வெளியேறிவிடும் என்று வாதிட்டார். பிரிட்டனில் இலவசமாக வந்த ரத்தம், அமெரிக்காவில் விலைக்கு வந்த ரத்தத்தைவிடப் பாதுகாப்பானது என்று காட்டினார். சம்பளம் கொடுத்தால் தீதி வெறும் கிளார்க் ஆகிவிடுவாளோ என்ற பயத்துக்கு இதில் இடம் உண்டு. ஆனால் ரத்தம் கொடுத்தவர் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். தவிர, பிரசவம் ஒன்றுக்கு இவ்வளவு, தடுப்பூசி ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பதைவிடப் பச்சையான சந்தை வேறு என்ன இருக்கிறது? டிட்மஸ் பயந்த விலைச்சீட்டு ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. மாதச் சம்பளம் வந்தால்தான் அது கிழியும். சம்பளம் வாங்கும் நர்ஸ் இரவில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதை யாரும் வியாபாரம் என்று சொன்னதில்லை.

ஆஷா போன்ற அரசுத் திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013-லேயே பரிந்துரைத்தது. 2022 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் பத்து லட்சம் ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருதை அறிவித்தது. 2025 பிப்ரவரி 10 அன்று கேரள ஆஷாக்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டுத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஐம்பதாவது நாள் பலர் தங்கள் கூந்தலை வெட்டினார்கள், சிலர் மொட்டை அடித்துக்கொண்டார்கள். கூந்தலைச் சாமிக்கு நேர்ந்துகொண்டு கொடுக்கும் நாட்டில், அவர்கள் அதைச் சாலையில் வெட்டிவிட்டு மறுபடி போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.