தாங்குபவர் தளரும்போது

ஓலை வீடானாலும் ஓட்டு வீடானாலும் நடுவில் நிற்கும் கப்பு உறுதியாக இருக்கும்வரை கூரையைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. குடும்பமும் அவ்வாறே. ஒரு பக்கம் பாடசாலை செல்லும் பிள்ளைகள், மறுபக்கம் பாயோடு கிடக்கும் தாய் அல்லது தந்தை, இருவருக்கும் நடுவே உழைத்துத் தாங்கி நிற்கும் ஒருவர். அந்த ஒருவரையே கடும் நோய் பற்றிக்கொண்டால் அக்குடும்பத்தின் நிலை என்ன? அவர் முதலில் யாரைப் பார்ப்பது? நோயை வீட்டாருக்குச் சொல்வதா, மறைப்பதா? பிறர் உதவியை ஏற்பதா, மானம் கருதி மறுப்பதா? இவை வைத்தியர் மட்டும் விடை கூறக்கூடிய கேள்விகள் அல்ல. அறம் பற்றிய கேள்விகளாகவும் இருப்பதால் ஆலயத்தின் நிழலில் நின்று சிந்திக்கத் தக்கவை.

வன்னி மண்ணுக்கு இக்கேள்வி புதியதன்று. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் முழுமையாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் காணப்படுகின்றது. வயலிலும் வெயிலிலும் உழைக்கும் விவசாயிகளையே அது பெரிதும் பிடிக்கின்றது. ஆரம்பத்தில் வலியோ அறிகுறியோ காட்டாமல், உழைக்கும் வயதினரை உள்ளிருந்து அரிக்கும். நோய் முற்றினால் இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் பலமுறை வைத்தியசாலை செல்ல நேரும். புற்றுநோயின் கதையும் இத்தகையதே. ஒரு காலத்தில் ஓமந்தையைக் கடந்து மகரகமவுக்குச் செல்வதே பெரும் யாத்திரையாக இருந்தது. 2006 ஆம் ஆண்டு ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் அந்த யாத்திரையும் அரிதாயிற்று. 2013 இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதற்காக 2011 இல் தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை பலர் கால்நடையாக நடந்து நிதி திரட்டினர். தென்கோடியிலிருந்து வடகோடிவரை முன்பின் அறியாதவர்களுக்காக நடந்த அந்தக் கால்களும் ஒரு வழிபாட்டையே செய்தன எனலாம்.

இத்துன்பத்திற்குச் சைவம் காட்டும் முதல் விளக்கு திலகவதியார். திருவாமூரில் பிறந்த அவ்வம்மையாரின் தந்தையார் புகழனார் நோயுற்று இறந்தார். தாயார் மாதினியார் கணவரோடு உயிர் துறந்தார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். சிறிது காலத்துள் மூன்று இழப்புகள். தாமும் உயிர் விடத் துணிந்த அம்மையார், தம்பி மருணீக்கியாரின் கண்ணீரைக் கண்டு அவருக்காக உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். போரில் கணவனையும் பிள்ளையையும் இழந்தும் எஞ்சிய குழந்தைகளுக்காக எழுந்து நின்ற தாய்மாரை அறிந்த இம்மண்ணுக்கு இந்த வரலாற்றை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தனக்காக வாழ விருப்பமற்றபோதும் பிறருக்காக உயிரைப் பேணுவது தவம் என்பதே இதன் பொருள்.

அதே வரலாற்றின் மறுபாதியும் கவனிக்கத் தக்கது. வளர்ந்து சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்ற தம்பியைச் சூலை நோய் பற்றியது. அருகிலிருந்தோரால் அதைத் தீர்க்க முடியவில்லை. அப்போது அவர் செய்தது என்ன? தமது கல்வியையும் பதவியையும் எண்ணி வெட்கப்பட்டு மறைந்திருக்கவில்லை. சமையற்காரரைத் தமக்கையாரிடம் அனுப்பி உதவி கேட்டார். பின் இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தாமே வந்து தமக்கையாரின் பாதத்தில் விழுந்தார். அம்மையார் பழைய குறைகளைக் கிளறவில்லை. திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். நோயுற்றவர் கேட்கத் துணிந்தார். கேட்கப்பட்டவர் குறை சொல்லாமல் ஏற்றார். இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் திருநாவுக்கரசர் என்ற பெருஞ்சோதி தோன்றியது.

நோய் வந்த வீட்டைப் பார்த்து "என்ன பாவம் செய்தார்களோ" என்று பேசும் வழக்கம் எமது ஊர்களில் உண்டு. வினைக்கொள்கை சைவத்தின் அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தரப்பட்ட கண்ணாடியேயன்றிப் பிறர்மேல் எறியத் தரப்பட்ட கல் அன்று. கொடிமாடச் செங்குன்றூரில் திருஞானசம்பந்தரோடு வந்த அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியது. அது அந்நிலத்தின் இயல்பு என்பதைப் பிள்ளையார் அறிந்திருந்தார். ஆனாலும் அது அடியாரைத் தீண்டலாகாது என்று திருநீலகண்டத்தை முன்னிட்டுப் பதிகம் பாடினார். எந்த அடியார் என்ன பாவம் செய்தார் என்று அவர் விசாரிக்கவில்லை. நிலத்தாலும் நீராலும் நோய் வருவதுண்டு என்பதை அன்றே ஏற்றுக்கொண்டு, துன்பத்தைத் துடைப்பதையே தம் கடமையாகக் கொண்டார். வினை என்று சொல்லிக் கைகட்டி நிற்பவர் பிள்ளையாரின் வழியில் நிற்பவரல்லர்.

இனி, யாரை முதலில் பார்ப்பது என்ற வினாவுக்கு வருவோம். "அம்மாவின் மருந்து முடியட்டும், மகளின் சோதினை முடியட்டும், பிறகு என்னைப் பார்ப்போம்" என்று கிளினிக் திகதியைத் தள்ளிப் போடுபவர் எத்தனையோ பேர். இது தியாகம்போலத் தோன்றும். ஆனால் வள்ளுவப் பெருந்தகை இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரைக் கூறும்போது முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்ற நால்வரோடு நிறுத்தவில்லை. ஐந்தாவதாகத் தன்னையும் சேர்த்தார். கடைசியாக வைத்தார், ஆனால் விட்டுவிடவில்லை. தன்னைப் பேணாதவன் மற்ற நால்வரையும் நெடுங்காலம் பேண முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். நேரத்தோடு பார்த்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோயை மூன்று மாதம் ஒளித்துவைத்துப் பிள்ளைகளுக்கு முப்பது வருட இழப்பை உண்டாக்குவது தியாகம் ஆகாது. வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தி விரதம் இருப்பதும் நேர்த்திக்காகக் கிளினிக்கைத் தவறவிடுவதும் பக்தியாகா.

எனினும் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் பஸ் செலவும் இழந்த நாட்கூலியும் வெளியில் வாங்கும் மருந்தும் இலவசமல்ல. தீராது என்று வைத்தியர்களே தெளிவாகச் சொன்னபின்னும், பிள்ளைகளின் ஒரே வயலை விற்று அங்குமிங்கும் அலைய வேண்டும் என்று அறம் கட்டாயப்படுத்தவில்லை. ரமண மகரிஷிகள் தம் தாயார் அழகம்மாளை 1922 இல் இறுதி மூச்சுவரை அருகிருந்து பராமரித்தவர். பின்னாளில் தமது இடக்கையில் புற்றுநோய்க் கட்டி தோன்றியபோது, 1949 இல் வைத்தியர்கள் பலமுறை செய்த சத்திரசிகிச்சைக்கு இணங்கினார். அது பலனளிக்காதபோது கலங்கவும் இல்லை. 1950 சித்திரையில் உடல் நீங்கும்வரை அடியார்களுக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தார். முயலவேண்டிய இடத்தில் முயல்வதும் அமைதிகொள்ள வேண்டிய இடத்தில் அமைதி கொள்வதும் ஒரே அறத்தின் இரு கைகள்.

பிள்ளைகளிடம் சொல்வதா என்று தயங்குவோர் ஒன்றை எண்ணவேண்டும். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்கின்றனர். சொல்லாமல் விட்டால், நடந்த துன்பத்துக்குத் தாங்களே காரணம் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொள்ளவும் கூடும். வயதுக்கேற்ற அளவில், பொய்யில்லாமல், "அப்பாவுக்கு இன்ன வருத்தம், வைத்தியர் பார்க்கிறார், உங்களைப் பார்க்க இன்னார் இருக்கிறார்கள்" என்று சொல்வது அவர்களுக்குப் பிடிமானம். மூத்த பிள்ளை சிறு வேலைகளில் கைகொடுக்கலாம். ஆனால் படிப்பை விட்டுச் சுமை முழுவதையும் அதன் தலையில் ஏற்றலாகாது. படுக்கையிலுள்ள பெற்றவரும் வெறும் சுமையல்லர். மாலையில் பேரப்பிள்ளைகளை அருகிருத்தித் தேவாரம் சொல்லிக்கொடுக்கவும், தாம் கடந்துவந்த இடப்பெயர்வுகளையும் பசியையும் சொல்லித் துணிவூட்டவும் அவரால் முடியும். அவரிடம் உண்மையை மறைத்து ஒதுக்கி வைப்பதைவிட அவரது ஆசியையும் அறிவையும் கேட்பதே மரியாதை.

கடமையில் இன்னொன்று காகிதங்களோடு தொடர்புடையது. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழும் காணிப் பத்திரமும் இழந்து பின் கந்தோர் கந்தோராக அலைந்த அனுபவம் இங்கு பல குடும்பங்களுக்கு உண்டு. எமது பகுதியில் அநேகருடைய காணிகள் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். தனக்குப் பின் யாருக்கு என்று பெயர் பதிந்து வைக்காவிட்டால் பிள்ளைகளுக்கிடையே வழக்கும் பகையும் வளரும். சிறுநீரக நோயாளருக்கும் முதியோருக்கும் உரிய அரச கொடுப்பனவுகளைக் கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. அது பிச்சையல்ல, உரிமை. சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும் என்று அஞ்சி இவற்றைத் தள்ளிப்போடுவது, அன்புடையோர் தம்மை அறியாமலே செய்யும் பெருந்தீங்கு.

மானம் கருதி உதவியை மறுப்போருக்கு யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் இறுதிக்காலம் நல்ல பாடம். ஊரெல்லாம் நடந்து திரிந்த அம்மகான் 1961 இல் இடுப்பெலும்பு முறிந்தபின் 1964 இல் சமாதியடையும்வரை அடியார்களின் பராமரிப்பை ஏற்று இருந்தார். கொடுப்பதற்கு ஒருவர் வேண்டுமெனில் ஏற்பதற்கும் ஒருவர் வேண்டும். அன்போடு ஏற்பவர் கொடுப்பவருக்குப் புண்ணியத்தின் கதவைத் திறந்துவிடுகின்றார்.

அக்கதவால் உட்புக வேண்டியவர்கள் ஊரவர்களே. மருந்துக்கு நான்கு உறுப்புக்கள் உண்டு என்கிறது திருக்குறள்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர். முதல் மூன்றும் வைத்தியசாலையில் உண்டு. நான்காவது அயலிலிருந்து வரவேண்டும். 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நாவலர் பெருமான் புராணப் பிரசங்கத்தோடு நின்றுவிடாமல் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதை நினைவுகூரல் தகும். கிளினிக் நாளில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் மாங்குளம் வரை ஏற்றிச் செல்லலாம். இன்னொருவர் அன்று அந்த வீட்டுத் தாயாருக்குக் கஞ்சி கொடுத்துப் பக்கத்தில் இருக்கலாம். வேறொருவர் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவந்து பாடம் சொல்லிக்கொடுக்கலாம். அறுவடைக் காலத்தில் நான்குபேர் சேர்ந்து ஒருநாள் அந்த வயலில் இறங்கலாம். திருவிழா அன்னதானத்தில் ஒரு வாளி கோயிலுக்கு வரமுடியாத வீட்டைத் தேடிப் போகலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. முறைபோட்டுச் செய்யும் ஒழுங்கும், கேட்கும்வரை காத்திராத மனமும் போதும்.

கப்பு தளரும்போது கூரையைப் பிரித்தெறிவாரில்லை. அயலவர் கூடி முட்டுக்கொடுத்துத் தாங்கி, கப்பை மாற்றும்வரை பிடித்து நிற்பர். நோயுற்ற ஒருவர் தன்னைப் பேணுவதும் உண்மை பேசுவதும் உதவியை ஏற்பதும் அவர் செய்யும் சிவபூசை. அவரைத் தாங்குவது ஊர் செய்யும் திருத்தொண்டு. இவ்விரண்டும் எமது ஊரில் தழைத்து, நோயுற்றோர் மனத்துணிவும், முதியோர் ஆறுதலும், பிள்ளைகள் நல்வாழ்வும் பெற எல்லாம்வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

மேன்மைகொள் சைவநெறி ஓங்குக!