யாரைச் சார்ந்தவள்?

தமிழ் இலக்கணம் எழுத்துகளை முதலெழுத்து, சார்பெழுத்து என்று இரண்டாகப் பிரிக்கிறது. தொல்காப்பியர் கணக்கில் முதலெழுத்து 30, சார்பெழுத்து 3. குற்றியலுகரம் தனித்து வராது. ஆய்தம் ஒரு குறிலுக்கும் ஒரு வல்லினத்துக்கும் நடுவில் மட்டுமே வரும். ஒலிகளைப் பற்றிச் சொல்லும்போது இதில் அநீதி ஏதுமில்லை. மனிதர்களை இப்படிப் பிரித்தால் என்ன ஆகும் என்று பார்க்க நாடுகளின் குடியேற்றச் சட்டங்களைப் படிக்கலாம்.

அமெரிக்காவுக்கு எச்-1பி விசாவில் வேலைக்குப் போகிறவர் முதலெழுத்து. அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ தரப்படும் எச்-4 விசா சார்பெழுத்து. நம் ஊர்த் திருமணப் பேச்சுகளில் ‘டிபென்டென்ட் விசா’ என்று சர்வசாதாரணமாகச் சொல்லப்படுவது இதுதான். இந்த விசாவில் இருப்பவர் அந்த நாட்டில் வாழலாம், படிக்கலாம், பிள்ளை பெறலாம். நீண்ட காலம்வரை சம்பளத்துக்கு வேலை மட்டும் செய்ய முடியாது. வேலை அனுமதி இல்லாததால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடைக்காது. கணவருக்கு வேலை போனால், சட்டம் தரும் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் அவளுக்கும் சேர்த்துத்தான் ஓடத் தொடங்கும். மணவிலக்கு பெற்றால் அந்த விசாவின் அடிப்படையே போய்விடும். பொறியியல் படித்தவளும் பல் மருத்துவம் படித்தவளும் அங்கே போய் இறங்கியதும் ஒரே சொல்லுக்குள் அடங்கினார்கள்: சார்ந்திருப்பவர்.

2015 மே 26 முதல் இதில் ஒரு சீர்திருத்தம் வந்தது. கணவருடைய கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட ஒரு கட்டத்தை எட்டியிருந்தால் எச்-4 மனைவியும் பணி அனுமதி கேட்கலாம். அனுமதி பெற்றவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பிறந்தவர்கள். ஏறத்தாழ அதே விகிதத்தினர் பெண்கள். காரணம் எளிது. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீண்டு கிடக்கிறது. அந்த வரிசையில் கணவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே மனைவிக்கு வேலை.

இந்தச் சீர்திருத்தம் பல பெண்களுக்கு வாழ்க்கையைத் திருப்பித் தந்தது. அதில் ஐயமில்லை. ஆனால் அது எதை மாற்றியது, எதை அப்படியே விட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியின் வேர் அவளுடைய படிப்பிலோ உழைப்பிலோ இல்லை. கணவருடைய கோப்பில் இருக்கிறது. அவர் வேலை இழந்தாலும், உறவு முறிந்தாலும், அவளுடைய வேலையும் போகும். இந்த விதியை நீக்கப்போவதாக டிரம்ப்பின் முதல் ஆட்சிக்காலத்தில் அறிவித்தார்கள். 2021 ஜனவரியில் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. விதியை எதிர்த்த வழக்கு 2015இல் தொடங்கி 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை உறுதிசெய்யும்வரை இழுத்தது. அடுத்து 2025 அக்டோபர் 30 முதல், புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய அனுமதி தானாக நீளும் என்றிருந்த வசதி எடுக்கப்பட்டது. விண்ணப்பம் மேசையில் கிடக்கும்போதே அனுமதி காலாவதியானால் அவள் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். இதற்கு அவள் எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை.

இந்தச் சிந்தனை புதிதாக முளைத்ததல்ல. மணமானதும் பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதற்குள் மறைந்துவிடும் என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் கோட்பாடு. 1907இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது: வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். வெளிநாட்டுப் பெண்ணை மணக்கும் அமெரிக்க ஆணுக்கு அப்படி எந்த இழப்பும் இல்லை. கலிஃபோர்னியாவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட எத்தல் மெக்கன்சி, வாக்காளராகப் பதியப் போனபோது பிரிட்டிஷ்காரரை மணந்தவர் என்பதால் மறுக்கப்பட்டார். 1915இல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1922இல் கேபிள் சட்டம் இதைத் திருத்தியது. அந்தத் திருத்தத்திலும் ஒரு விலக்கு இருந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று சட்டம் ஒதுக்கிய ஆண்களை மணந்தால் குடியுரிமை போகும். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்களும் அந்தத் தகுதியற்றோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். விடுதலைப் போராளி தாரகநாத் தாஸின் அமெரிக்க மனைவி மேரி இப்படித்தான் தன் சொந்த நாட்டிலேயே அந்நியரானார். ஆணின் நிறம் பெண்ணின் குடியுரிமையைத் தீர்மானித்த காலம் அது. சீர்திருத்தம் ஒன்று வரும்போது அதில் யாருக்கு விலக்கு என்று தேடிப் படிக்கும் பழக்கத்தை இந்த வரலாறு நமக்குக் கற்றுத்தர வேண்டும்.

“என் கணவர் நல்லவர், எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை” என்று பல பெண்கள் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியதல்ல. நல்ல எசமானனிடம் இருக்கும் அடிமை அடி வாங்காமலே வாழ்நாளைக் கழிக்கக்கூடும். அதனால் அவன் விடுதலை பெற்றவன் ஆகிவிடுவதில்லை. ஒருவர் நினைத்தால் என் வாழ்வைக் குலைக்க முடியும், அவர் நினைக்காததால் மட்டுமே நான் நிம்மதியாக இருக்கிறேன் என்றால், என் நிம்மதி அவருடைய மனநிலைக்குக் கட்டுப்பட்டது. அப்படி வாழ்பவள் தன்னையறியாமல் அந்த மனநிலையைக் கவனிக்கப் பழகுகிறாள். குரலைத் தாழ்த்துகிறாள். எந்தச் சண்டையை எந்த எல்லையில் நிறுத்துவது என்று கணக்குப் போடுகிறாள். 1792இலேயே மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் பெண்கள் பிறரைச் சார்ந்து வாழ நேர்வது அவர்களுடைய அறத்தையே பாதிக்கிறது என்று வாதிட்டார். சார்ந்திருப்பவளால் உண்மை பேச முடியாது என்பதே அதன் சாரம்.

அடிக்கும் கணவரிடம் மாட்டிக்கொண்ட எச்-4 பெண்ணுக்குப் பணி அனுமதி தரலாம் என்று அமெரிக்கச் சட்டம் 2006இல் சொன்னது. அதற்கு விண்ணப்பிக்கும் நடைமுறை வருவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. நல்ல திருத்தம்தான். ஆனாலும் அதன் தர்க்கத்தைப் பாருங்கள்: கணவரின் கோப்பு வரிசையில் முன்னேறாத பெண், தான் வதைபட்டதைக் காட்டினால் உழைக்கலாம். உழைப்பதற்கான உரிமை வதைக்கு இழப்பீடாகத் தரப்படுகிறது.

இதே முடிச்சு இன்னும் இறுக்கமாக விழுந்திருப்பது வீட்டுப் பணிப்பெண்களின் கழுத்தில். வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையில் கணவருடைய இடத்தில் கஃபீல், அதாவது பொறுப்பேற்கும் முதலாளி, இருக்கிறார். அவருடைய பெயரில்தான் அவளுடைய வாழ்விட அனுமதி. அவரைவிட்டுச் சொல்லாமல் வெளியேறினால் அவள் ‘தப்பியோடியவள்’ என்று பதிவாவாள். சம்பளம் தராதவர் புகார் கொடுக்க, சம்பளம் வாங்காதவள் குற்றவாளியாவாள். வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணுக்கு நம் மொழியிலும் ‘ஓடுகாலி’ என்று ஒரு வசை உண்டு. அந்த வசையைச் சட்டப்பிரிவாக எழுதினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது இது.

கத்தாரில் சீர்திருத்தங்கள் வந்தன. நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி 2018இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு நீக்கப்பட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கு அது 2020 ஜனவரியில்தான் நீங்கியது. அவர்கள் 72 மணி நேரத்துக்கு முன் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதே ஆண்டு, வேலை மாறப் பழைய முதலாளியின் தடையின்மைச் சான்று தேவையில்லை என்றும் சட்டம் வந்தது. சவுதி அரேபியா 2021 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவே இல்லை. ஐரோப்பாவும் விலக்கல்ல. பிரிட்டனில் 1998 முதல் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர் முதலாளியை மாற்றிக்கொள்ள முடிந்தது. 2012 ஏப்ரலில் அந்த உரிமை பறிக்கப்பட்டது. 2016இல் விசாவின் ஆறு மாதக் காலத்துக்குள் மட்டும் மாறலாம் என்று ஒரு பகுதி திரும்பி வந்தது. ஆறு மாதத்தில் பெரும்பகுதி முடிந்துவிட்ட ஒருத்தியை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

நியூ ஜெர்சியில் வீட்டிலிருக்கும் பட்டதாரியையும் ரியாத்தில் சமையலறைத் தரையில் உறங்கும் பணிப்பெண்ணையும் ஒரே வரிசையில் வைக்கலாமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒருத்தி இழப்பது பணி வாழ்க்கையை. மற்றவள் இழப்பது சில நேரம் உயிரை. சுமையின் எடை வேறு. கட்டியிருக்கும் விதம் ஒன்று. இதை மறந்தால் ஒரு தவறு நேர்கிறது. எச்-4 பெண்களுக்காகப் பேசும்போது “இவர்கள் உயர்கல்வி பெற்றவர்கள், நாட்டின் பொருளாதாரத்துக்குப் பயன்படுவார்கள்” என்ற வாதமே பெரும்பாலும் முன்னே வைக்கப்படுகிறது. வழக்காடு மன்றத்தில் அது உதவலாம். அறத்தின் தளத்தில் அது ஆபத்தானது. படிப்புக்காக உரிமை என்றால், படிக்காதவளுக்கு உரிமை இல்லை என்றாகிறது. நம் வீட்டுப் பட்டதாரிக்காகக் கேட்கும் நியாயம் பாத்திரம் தேய்ப்பவளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருமானால், நாம் சலுகை கேட்டிருக்கிறோம், நியாயம் கேட்கவில்லை.

அனுப்பும் நாடுகளின் பங்கும் இருக்கிறது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு விதி உண்டு. அதற்குப் பொருள் சொல்வதில் உரையாசிரியர்கள் வேறுபட்டாலும், பொருள் தேடிப் பிரிபவன் ஆண், இருந்து காத்திருப்பவள் பெண் என்பதே பாலைத்திணையின் அமைப்பு. நவீன அரசுகள் இந்த விதியைக் கைவிடவில்லை. வளைகுடா உள்ளிட்ட, குடியகல்வு அனுமதி கட்டாயமான நாடுகளுக்கு 30 வயதுக்குட்பட்ட பெண்கள் வீட்டுப் பணிக்குப் போக இந்தியா அனுமதிப்பதில்லை. ஆண் தொழிலாளிக்கு இந்த வயதுத் தடை கிடையாது.

இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக்கை நினைவிருக்கும். 2005இல் சவுதிக்குப் போனபோது அவளுக்கு 17 வயது. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. அவள் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்ததற்குக் கொலைப்பழி சுமத்தப்பட்டு, 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டாள். இலங்கை அரசு அதன்பின் சவுதிக்குப் பணிப்பெண்ணாகப் போகக் குறைந்தபட்ச வயதை 25 ஆக உயர்த்தியது. அதே ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போக முடியாது. கணவரின் சம்மதமும் கேட்கப்பட்டது. தந்தையிடம் இப்படி எந்த அறிக்கையும் கேட்கப்படவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வற்றியபோது இந்த விதிகள் தளர்த்தப்பட்டன. பிள்ளையின் நலன் டாலர் தட்டுப்பாட்டின் முன் விட்டுக்கொடுத்தது என்றால், முதலில் அங்கே இருந்தது எந்த அக்கறை?

பொய் வயது எழுதிய கைகளைக் கட்டாமல் போகிறவளின் கால்களைக் கட்டுவதைப் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள். பசி இருக்கும்வரை போகிறவள் போவாள். தடை இருந்தால் ஏஜென்ட் காட்டும் சுற்றுவழியில், பதிவு இல்லாமல், தூதரகத்துக்குத் தெரியாமல் போவாள். அவளுக்கு ஆபத்து நேரும்போது அரசு அவளை அறிந்திருக்காது.

இங்கே ஒரு எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். யார் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை நாடுகளுக்கு உண்டு; தகுதிபெற்ற ஒருவரின் குடும்பத்தார் என்பதால் அனுமதிக்கிறோம், அதற்கு நிபந்தனை விதிப்பது தவறா என்று கேட்பார்கள். எல்லைகள் பற்றிய அந்தப் பெரிய விவாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த உரிமையை முழுவதும் ஒப்புக்கொண்டாலும் என் கேள்வி மீதமிருக்கிறது. நிபந்தனை அரசுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் இருக்கட்டும். அரசிடம் மனு செய்யலாம், மேல்முறையீடு செய்யலாம், அதன் முடிவுக்குக் காரணம் கேட்கலாம். கணவனிடமும் முதலாளியிடமும் எந்த மேல்முறையீடும் கிடையாது. ஒரு மனிதரை நாட்டைவிட்டே அனுப்பிவிடும் வல்லமையைத் தனியொருவர் கையில், அதுவும் அவளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர் கையில், ஒப்படைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. எல்லையைக் காப்பது அரசின் வேலை என்றால் அதை அரசே செய்யட்டும். வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் காவலரை நியமிக்க வேண்டாம்.

எனவே குடியேற்றச் சீர்திருத்தம் என்று ஒரு செய்தி வரும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. அவள் “மாட்டேன்” என்று சொன்ன பிறகும் அந்த நாட்டில் சட்டப்படி இருக்க முடியுமா? அவளுடைய கடவுச்சீட்டு, அனுமதி அட்டை, வங்கிக் கணக்கு அவள் கையில், அவள் பெயரில் இருக்குமா? யாரும் அவளை அடிப்பதற்கு முன்பே அவளால் வெளியேற முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது சீர்திருத்தம். இல்லையென்றால் கயிற்றைக் கொஞ்சம் நீளமாக்கியிருக்கிறார்கள். நீளமான கயிறும் உதவிதான், அதற்காகப் போராடியவர்களைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதை விடுதலை என்று நாம் எழுதிவைக்கக் கூடாது.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை ஏதோ ஒரு நாட்டின் விசாப் படிவத்தை நிரப்புவீர்கள். அதில் ‘முதன்மை விண்ணப்பதாரர்’ என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்த முடிவு உங்களுடையது. அந்தப் பெயரோடு நீங்கள் நிற்காத நாளில் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை மட்டும், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன், அந்த நாட்டின் சட்டத்தில் தேடிப் படித்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒருத்தி வீட்டு வேலைக்கு வெளிநாடு புறப்பட்டால், அவளுக்காகவும் அதைப் படித்துச் சொல்லுங்கள்.