இருமுறை கேட்பது குற்றமா?

ஸ்கூடாய் வட்டாரத்தில் ஆலைக்கோ சங்கத்துக்கோ புதிதாக வந்த ஒருவர், ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்டுவிட்டால், "எத்தனை தரம் சொல்வது?" என்று பழையவர்கள் சீறுவதை நாம் கேட்டிருக்கிறோம். இது நியாயந்தானா என்று சிறிது ஆராய்வோம்.

ஜொகூர்த் தமிழருக்குப் பால்வெட்டைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. ரப்பர்ப்பால் ஊறுவது பட்டையின் உட்புறத்தில். கத்தி மேலோடு நின்றால் பால் குறையும். ஆழ்ந்து மரத்தைத் தொட்டால் காயம்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். இடையில் விடவேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வாய் ஒருமுறை சொன்னதைக் கை உடனே கற்றுவிடுமா? கேட்க அஞ்சிய புதியவர் மரத்தையன்றோ கெடுப்பார்!

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? 1938இல் இந்திய அரசாங்கம் உதவிப்பணத்தில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்தது. அதற்குமுன் கங்காணி முறையில் வந்தோர் பல்லாயிரவர். அம்முறையில் பணிதல் நற்குணம்; வினவுதல் குற்றம். கங்காணி போய்விட்டார், அவர் குரலை மட்டும் நாம் ஏன் காப்பாற்றி வைத்திருக்கிறோம்? "ஏன் என்று கேள்" என மேடையில் முழங்கிவிட்டு, கேட்டவரைக் கடிந்து விரட்டுவது எந்தப் பகுத்தறிவு?

பழைய நூலும் இதற்கு இடந்தரவில்லை. இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் பிறர்க்கு உரைக்கும் முறை தெரியும் என்பது நன்னூல் செய்த பவணந்தியாரின் கருத்து. ஆசிரியருக்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று, பொறுமைமிக்க நிலம்.

சொல்லிச் சலித்தவரின் களைப்பையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், நூறு பேர் ஒவ்வொரு முறை கேட்டதை ஒருவரே நூறு முறை கேட்டதாக எண்ணிச் சினப்பது தவறு. கேள்வி நமக்குப் பழையது, கேட்பவருக்குப் புதியது. அடிக்கடி வரும் வினாக்களுக்கு விடையெழுதிச் சுவரில் ஒட்டலாம். புதியவருக்குத் துணையாக முறைவைத்து ஒருவரை அமர்த்தலாம். கேட்பவரும், முன்பு சொன்னதில் எதுவரை விளங்கிற்று என்பதைக் கூறிக் கேட்கக் கடமைப்பட்டவர். முயற்சியே செய்யாதவரைக் கண்டிக்கலாம். அக்கண்டனம் விடைக்குப் பின்னர் வரட்டும்.

தோழர்களே! நாமோ நம் பெற்றோரோ ஒருநாள் இம்மண்ணில் புதியவரே. அன்று யாரோ ஒருவர் முகஞ்சுளிக்காமல் இரண்டாம் முறையும் சொன்னதாலன்றோ, இன்று நாம் பழையவராய் நிற்கிறோம்!