இன்னொருவரிடம் போகலாமா?

கேள்வி: சில ஆண்டுகளாக ஓர் அமைப்பில் தியானம் பழகி வருகிறேன். பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இப்போது நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கிறது. வேறொரு ஆசிரியரின் வேதாந்த வகுப்புக்குப் போகலாமா என்று எங்கள் குழுவில் கேட்டேன். அது குருத்துரோகம், இதுவரை செய்த சாதனையெல்லாம் வீணாகிவிடும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். ஆசாரிய பக்தியில் ராமானுஜருக்கு நிகராக யாரைச் சொல்ல முடியும்? அவருக்கு ஆசாரியர்கள் ஐந்து பேர்.

அந்தக் கதையே திருக்கச்சி நம்பியின் மறுப்பில்தான் தொடங்குகிறது. பூவிருந்தவல்லியைச் சேர்ந்தவர் நம்பி. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் அவருடையது. பெருமாள் அவரோடு பேசுவார் என்பது சம்பிரதாயம். இளம் ராமானுஜர் அவரையே ஆசாரியராக வரித்தார். நம்பி இசையவில்லை. ஆனால் கைவிடவும் இல்லை. ராமானுஜரின் சந்தேகங்களைப் பெருமாளிடம் விண்ணப்பித்து, விடையாக ஆறு வார்த்தைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றில் ஒன்று, பெரிய நம்பியைச் சரணடை என்பது.

ராமானுஜர் ஸ்ரீரங்கம் நோக்கிக் கிளம்பினார். பெரிய நம்பியோ அவரைத் தேடிக் காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். தீட்சையைக் காஞ்சிக்குப் போய்ச் செய்துகொள்ளலாமே என்றார் பெரிய நம்பி. முன்பு பெரிய நம்பியின் ஆசாரியரான ஆளவந்தாரைத் தரிசிக்க ஆசையோடு ஸ்ரீரங்கம் போய், உயிர் பிரிந்த திருமேனியைத்தான் பார்க்கக் கிடைத்தவர் ராமானுஜர். இனி ஒரு கணமும் தள்ளிப்போட அவருக்கு மனமில்லை. அங்கேயே மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் அந்தத் தீட்சை நடந்தது.

பெரிய நம்பி தம்மிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டு, ரகசியங்களின் பொருளுக்குத் திருக்கோட்டியூர் நம்பியிடம் போகச் சொன்னார். அவர் திருவாய்மொழிக்குத் திருமாலையாண்டானிடம் சேர்த்தார். பாடம் முடிந்ததும் ஆண்டான், திருவரங்கப் பெருமாள் அரையரைக் காட்டினார். பின்னர் ராமானுஜர் திருப்பதியில் பெரிய திருமலை நம்பியிடம் ராமாயணம் கேட்டார். இத்தனை பேரில் ஒருவர்கூட, என்னை விட்டுப் போனால் உன் சாதனை வீணாகும் என்று சொன்னதாகக் குருபரம்பரைக் கதைகளில் கிடையாது. எல்லாரும் ஆளவந்தாரின் சீடர்கள். தங்களிடம் இருப்பது எது, அடுத்தவரிடம் இருப்பது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நல்ல ஆசிரியர் என்பதற்கு நான் நம்பும் முதல் அடையாளம் இதுதான். இது என்னிடம் இல்லை, அவரிடம் போ என்று சொல்லும் மனம் அவருக்கு இருக்க வேண்டும்.

சித்தார்த்தரும் இப்படித் தேடியவர்தான். ஆளார காலாமரிடம் தியானம் கற்று, ஆசிரியர் எட்டிய நிலையைத் தாமும் எட்டினார். இருவருமாகச் சேர்ந்து இந்தக் கூட்டத்தை நடத்துவோம் என்றார் காலாமர். தாம் தேடியது அதுவல்ல என்று விடைபெற்றார் சித்தார்த்தர். உத்தக ராமபுத்தரிடமும் அப்படியே. ஆனால் போதி கிடைத்த பிறகு, இதை யாருக்கு முதலில் சொல்வது என்று யோசித்தபோது அவர் மனத்தில் முதலில் வந்த பெயர்கள் அந்த இருவருடையவை. அவர்கள் அதற்குள் காலமாகியிருந்தார்கள். விட்டு விலகியவர்களை இப்படி நினைத்துக்கொள்பவரைத் துரோகி என்று யார் சொல்வார்கள்?

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். தேக்கம் உண்மையில் எங்கே இருக்கிறது? பயிற்சி நம்முடைய கோபத்தையோ பிடிவாதத்தையோ தொடும் நேரத்தில்தான் பலருக்கு வேறு வகுப்பு ஞாபகம் வருகிறது. ராமானுஜர் ஒவ்வொரு பாடத்தையும் முடித்துக்கொண்டுதான் அடுத்த வாசலுக்குப் போனார். உங்கள் பாடம் முடிந்தது என்று தோன்றினால், மறைக்காமல் இப்போதைய ஆசிரியரிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள். குழுவில் இருப்பவர்கள் சொல்வதை அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சந்தோஷமாக அனுப்பிவைத்தால் வணங்கிவிட்டுப் போங்கள். மிரட்டினால் வணங்காமலே போகலாம்.

கேள்வி: எல்லாரும் காவி கட்டுகிறார்கள், எல்லாரும் அழகாகப் பேசுகிறார்கள். போலிகளை எப்படி அடையாளம் காண்பது?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பார்த்ததும் கண்டுபிடிக்க முடியாது. கோசல நாட்டு அரசன் பசேனதிக்குப் புத்தர் சொன்னதும் அதுதான். சாவத்தியில் புத்தரோடு அரசன் உட்கார்ந்திருந்தான். நீண்ட நகமும் உடல் ரோமமும் வளர்த்த துறவிகள் கூட்டமாக அந்த வழியே போனார்கள். அரசன் எழுந்து, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, தன் பெயரைச் சொல்லி மும்முறை வணங்கினான். பிறகு, இவர்கள் ஞானம் அடைந்தவர்கள்தானே என்று கேட்டான். இல்லறத்தில் இருக்கும் உனக்கு அதை அறிவது கடினம் என்றார் புத்தர். ஒருவருடைய ஒழுக்கம் கூட வாழ்ந்தால் தெரியும். நேர்மை, கொடுக்கல் வாங்கலில் தெரியும். மனவுறுதி கஷ்ட காலத்தில் தெரியும். ஞானம், பேசிப் பார்த்தால் தெரியும். அதுவும் நீண்ட காலம், கவனத்தோடு பார்ப்பவனுக்குத்தான். கேட்டதும் அரசன் உண்மையைச் சொல்லிவிட்டான். அவர்கள் அவனுடைய ஒற்றர்கள். வீட்டுக்குப் போனதும் குளித்து, சவரம் செய்து, வெள்ளை உடுத்திக்கொள்வார்களாம்.

ஆகவே மேடைப் பேச்சைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சமையல்கட்டில் வேலை செய்பவரிடமும் டிரைவரிடமும் அந்தக் குரு எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். திருவண்ணாமலையில் ரமணர் விடியற்காலையில் மற்றவர்களோடு உட்கார்ந்து காய்கறி நறுக்கினார். பந்தியில் தமக்கென்று எதையும் கூடுதலாகப் பரிமாற விடமாட்டார். இதைப் பார்க்க யாருக்கும் தத்துவப் படிப்பு தேவைப்படவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டணம் வாங்கினாலே போலி என்று சொல்லமாட்டேன். வாடகை, சாப்பாடு, கரண்ட் பில் எல்லாருக்கும் உண்டு. கணக்கு வெளிப்படையா என்று பாருங்கள். கோயங்கா மரபு விபாசனா மையங்களில் பத்து நாள் முகாமுக்குக் கட்டணம் இல்லை. முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள். அப்படியும் நடத்த முடிகிறது. கடன் வாங்கியாவது அடுத்த நிலைக்கு வா என்று ஒருவர் வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் சொல்லாதே என்றாலும், பெண்களைத் தனி அறைக்கு அழைத்தாலும் அதேதான். அதைச் சீடனுக்கு வைக்கும் சோதனை என்று விளக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஒருவருடைய விளக்கமும் காதில் விழ வேண்டாம்.

கேள்வி கேட்டால் முகம் மாறுகிறதா என்பதையும் பாருங்கள். திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்கும்போது ராமானுஜர் சில பாசுரங்களுக்கு வேறு பொருள் சொன்னார். ஆளவந்தார் சொல்லாததை நீர் சொல்கிறீர் என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். சேதி கேட்ட திருக்கோட்டியூர் நம்பி ஸ்ரீரங்கம் வந்தார். அந்தப் பொருளையும் ஆளவந்தார் சொல்லித் தாம் கேட்டதுண்டு என்றார். பாடம் மறுபடி தொடங்கியது. ஆண்டானுக்கு வந்த கோபம் மனித இயல்பு. அதிலிருந்து அவர் திரும்பி வந்ததுதான் பெரிய விஷயம்.

கேள்வி: ரமணருக்குக் குருவே இல்லையே. எனக்கு மட்டும் எதற்கு?
— ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, அருணாசலத்தையே குருவாகச் சொன்னவர் அவர். 1896இல் மதுரை வீட்டில் மரண பயம் வந்தபோது, உடம்பைப் பிணம்போல் கிடத்தி, சாகிறது எது என்று பார்த்த பதினாறு வயதுப் பையனின் தீவிரம் நமக்கு இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. இல்லை என்பதால் கேட்கிறோம். அதில் தப்பில்லை.

அவரிடம் ஒருவர் வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன். பால் பிரண்டன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் யோகிகளைத் தேடி இந்தியா முழுவதும் அலைந்தார். எழுத்தாளர் கா.சி. வேங்கடரமணி அவரைச் செங்கல்பட்டில் தங்கியிருந்த காஞ்சிப் பெரியவரிடம் அழைத்துப் போனார். பெரியவருக்கு அப்போது வயது 36. நீங்களே எனக்கு வழிகாட்ட வேண்டும் என்று கேட்டார் பிரண்டன். பெரியவர் தமக்கு மடத்தின் கடமைகள் இருப்பதைச் சொல்லி, திருவண்ணாமலை மகரிஷியைப் பார்க்காமல் தென்னாட்டை விட்டுப் போகக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். ஒரு பீடாதிபதி, மடமோ பட்டமோ இல்லாத கௌபீனதாரியிடம் ஆளை அனுப்புகிறார்! 1934இல் வெளிவந்த பிரண்டனின் புத்தகம் உலகத்தையே திருவண்ணாமலை பக்கம் திருப்பியது.

பிரண்டனுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான். குரு கிடைக்கும்வரை சாதனையை நிறுத்தி வைக்க வேண்டாம்.

கேள்வி: வயது 71. முழங்கால் வலி, வெளியே போக முடியாது. யூடியூபில் தினமும் நாலைந்து பேருடைய உரைகளைக் கேட்கிறேன். போதுமா?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: நாலைந்து பேர் வேண்டாம் அம்மா. ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ரமணரின் ‘நான் யார்?’ என்ற சிறு புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள் அவை. துணையும் தேடிக்கொள்ளுங்கள். நல்லோர் நட்பு இந்தப் பாதையில் பாதி என்றார் புத்தரின் சீடர் ஆனந்தர். அப்படிச் சொல்லாதே, முழுவதும் அதுதான் என்று திருத்தினார் புத்தர். தெருவில் இதில் நாட்டமுள்ள ஒருவர் இருப்பார். வாரத்தில் ஒரு நாள் காபிக்கு அழைத்து, இருவருமாக ஒரே ஒரு கேள்வி பதிலை வாசியுங்கள். அவருக்கு நேரம் இருந்தால் இரண்டாவதையும் வாசிக்கலாம்.