உள்ள வந்து உக்காருங்க சார்

நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. பின்கால் ஒன்று விரிசல் விட்டு, கட்டுக்கம்பியால் சுற்றி இறுக்கப்பட்டிருந்தது. ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர் கண்ணுக்கு விரிசல் தப்புமா? அந்தமான் போய்வந்த அவரிடம் கடல் என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்கிறார். நாற்காலியைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறார்.

நடந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மே மாதக் கடைசி, பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்குமுன் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரில் அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போகிறவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். காற்று கிளம்பியது, பிற்பகல் படகு ரத்து. மறுநாள் மாலை போர்ட் பிளேரில் விமானம். கவுண்டரில் தமிழில் கேட்டார், தெரிந்த இந்தியில் கேட்டார். நாளைக்கு வாங்க என்று இந்தியில் பதில் வந்தது. பிறகு கத்தினார். கத்தி முடித்ததும் கவுண்டர் இளைஞர் நல்ல தமிழில், “உள்ள வந்து உக்காருங்க சார்” என்று அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். மறுநாள் முதல் படகில் நான்கு பேருக்கும் இடம் கிடைத்தது.

அவருக்கு முன்னால் அதே கேள்வியைத் தணிந்த குரலில் கேட்ட ஒரு வயதான கன்னடத் தம்பதி வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலி அவர்களுக்கு வரவில்லை.

அவர் கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதத்தில் அந்தமானுக்கு வந்துவிடும். டிக்கெட் விற்றவர்களுக்கு அது தெரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினவருக்கும் தெரியும். படகு நின்றால் படகுக் காசு திரும்பி வரும். ஆனால் அந்தப் படகை நம்பி எடுத்த விமான டிக்கெட் வேறு ஒப்பந்தம். விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் நேரத்துக்கு வராத பயணி. வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்பி வரலாம், டிக்கெட் காசு போனது போனதுதான். விடுதிக்காரர் மூன்றாவது ஒப்பந்தம். சங்கிலி முழுவதற்கும் பொறுப்பு என்று ஒருவரும் கிடையாது.

இதுதான் தரக்கட்டுப்பாட்டுக்காரரைக் குடைந்தது. அவர் தொழிலில் பாகம் வந்து சேராமல் வாடிக்கையாளர் கம்பெனியில் லைன் நின்றால், யாரால் நின்றது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். டெபிட் நோட் வீட்டு வாசலுக்கே வரும். ஆனால் அங்கேயும் ஒன்று உண்டு. இரண்டு கம்பெனிக்கு ஒரே நாளில் சரக்கு போக வேண்டும், இருப்பது ஒன்றுக்குத்தான் காணும் என்றால், லாரி எந்தப் பக்கம் போகும்? போனில் யார் அதிகம் கத்தினாரோ அந்தப் பக்கம். இது ஓசூரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதி வைப்பதில்லை.

தபால் வழியில் எம்.பி.ஏ. படித்த காலத்தில் புரட்டிய ஒரு புத்தகம் அவருக்கு அரைகுறையாக நினைவுக்கு வந்தது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதியது. சேவை கெட்டுப்போனால் மனிதனுக்கு இரண்டு வழி: விட்டுப் போய்விடலாம், அல்லது வாயைத் திறந்து கேட்கலாம். நைஜீரிய ரயில்வேயைப் பார்த்துத்தான் அந்த யோசனையே ஹிர்ஷ்மனுக்குப் பிறந்தது. ரயில் மோசமானதும், சண்டை போடக்கூடிய ஆட்கள் சரக்கை லாரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்; கேட்க ஆளில்லாமல் ரயில் இன்னும் மோசமானது. தீவில் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. நடந்து போக முடியாது, அடுத்த கடைக்குப் போக முடியாது. மிச்சம் இருப்பது தொண்டைதான். புத்தகம் இதுவரை சரியாக வருகிறது. எல்லோருக்கும் ஒரே அளவு தொண்டை இல்லை என்ற விஷயத்தை அதில் படித்தோமா என்பதுதான் அவருக்கு நினைவில்லை.

அவருடைய அம்மா கத்தினதே இல்லை. தேன்கனிக்கோட்டையில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும்போது, அளக்கிறவர் தெலுங்குக்காரர் என்றால் தெலுங்கு, கன்னடக்காரர் என்றால் கன்னடம், வேலூர்ப் பக்கத்து ஆள் என்றால் தமிழ். “ஏம்ப்பா, அம்மா சௌக்கியமா?” என்று ஆரம்பிப்பார். கேன் நிறையும். அந்த எல்லைப்புறத்தில் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான் காரியம் சாதித்தார்கள். இது கத்துவதைவிட நாகரிகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது சந்தேகம் வருகிறது. அம்மா கேன் நிறைந்த அன்றைக்கு வரிசைக் கடைசியில் நின்றவருக்கு என்ன கிடைத்தது? சௌக்கியம் விசாரிக்கத் தெரியாத ஊமைச்சனங்களும் அந்த வரிசையில் இருந்திருப்பார்களே.

கத்துவதற்கு ஆளே இல்லாத நிலையையும் அவர் பார்த்திருக்கிறார். 2016 செப்டம்பர், காவிரிக் கலவரம். பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தன. ஓசூரிலிருந்து போகும் பேருந்துகள் எல்லையோடு நின்றன. பெட்டியும் குழந்தையுமாக ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடிக்கு நடந்தே வந்தார்கள். கவுண்டர் இல்லை, மேனேஜர் இல்லை. ஒருவர் பெட்டியை இன்னொருவர் தூக்கினார். அதே ஆண்டு டிசம்பரில், பின்னால் வர்தா என்று பெயர் வாங்கிய புயலின் தொடக்கத்தில், ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கினார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்க் கூட்டிவந்தன. அங்கே யாருக்குத் தனியாக நாற்காலி போட்டிருப்பார்கள்? ஒருவேளை போட்டும் இருக்கலாம். ஆபத்தில் எல்லோரும் சமம் என்று சொல்வது சுலபம்.

முறையான வழி ஒன்றும் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அந்தமானில் நடந்ததற்குக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. நல்ல சட்டம்தான். ஆனால் நாளைக் காலைப் படகில் இடம் வாங்கித்தர எந்த ஆணையத்தாலும் முடியாது. மேலும், அவர் எதற்கு வழக்குப் போடுவது? அவருக்குத்தான் எல்லாம் கிடைத்துவிட்டதே.

“நீங்க கத்தலேன்னா நாலு டிக்கெட்டும் போயிருக்கும். அந்தப் பெரியவங்க அன்னிக்கே ஃப்ளைட் பிடிக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்கிறார் மனைவி. உண்மை. அவர்கள் இன்னும் நாலு நாள் தீவில் தங்க வந்தவர்களாகவும் இருக்கலாம். முதல் படகில் அவர்களைத் தேடினார். கீழ்த்தளத்தில் இல்லை. மேல்தளத்துக்கு வேறு டிக்கெட் என்று ஏற விடவில்லை.

அந்த நான்கு இடமும் யாருக்காவது போக வேண்டிய இடமா, காலியாகக் கிடந்த இடமா என்பது அந்த இளைஞருக்குத்தான் தெரியும். கேட்டிருக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. அடுத்த முறை இப்படி மாட்டிக்கொண்டால் கத்துவீர்களா என்றால், பிள்ளைகள் கூட இருந்தால் கத்துவேன் என்கிறார், இல்லாவிட்டால் தெரியாது என்கிறார். சிப்காட்டில் அந்தமான் போகிறேன் என்று வந்து நிற்பவர்களிடம் அவர் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள், படகையும் விமானத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள்.