வெள்ளைக் கம்புக்கு அப்பால்

மீன்சுருட்டியில் கோல்ஃப் மைதானம் இல்லை. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையும் திருச்சி – சிதம்பரம் சாலையும் சந்திக்கும் இந்த ஊருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. ஆனாலும் கோல்ஃபின் மிகக் கடுமையான விதியை இங்குள்ள ஒரு விவசாயியிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். வரப்பு நகர்ந்தாலும் சர்வே கல் நகராது, கல்லுக்கு அந்தப் பக்கம் நம் ஏர் போகக்கூடாது என்பதை அறிந்தவர் அவர். கோல்ஃபில் ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ என்கிற எல்லை விதியும் அடிப்படையில் நிலம் யாருடையது என்ற கேள்விதான். அது ஆட்டத்துக்கான கேள்வியாக மாறியது பிறகுதான். அந்த மாற்றத்தில்தான் மைதானத்தை வடிவமைப்பவரின் நேர்மையும் கெட்டிக்காரத்தனமும் தெரியவரும்.

முதலில் விதியைப் பார்க்கலாம். எல்லையை வெள்ளைக் கம்புகளோ, வெள்ளைக் கோடோ, வேலியோ, மதிலோ காட்டும். கம்புகள் என்றால், தரைமட்டத்தில் அவற்றின் உட்பக்க விளிம்புகளை இணைக்கும் கோடுதான் எல்லை. வெள்ளைக் கோடு வரைந்திருந்தால் அந்தக் கோடே வெளியில் சேர்த்தி. டென்னிஸில் கோட்டைத் தொட்ட பந்து உள்ளே. இங்கே கோட்டின்மேல் முழுதாகக் கிடக்கும் பந்து வெளியே. ஆனால் பந்தின் ஒரு சிறு பகுதி உட்புறம் நீண்டிருந்தாலும் போதும், அது உள்ளேதான். பந்து எந்த வழியாகப் பறந்தது என்பது கணக்கில்லை. அடுத்தவர் தோட்டத்துக்கு மேலாகப் போய் வளைந்து திரும்பி உள்ளே விழுந்தால் குற்றமில்லை. எல்லை மேலும் கீழும் செங்குத்தாக நீள்வதாகக் கொள்வதால், வெளியே வேர்விட்ட மரத்தின் கிளை உள்ளே நீண்டு, அதில் பந்து சிக்கினாலும் அது உள்ளேதான். ஆட்டக்காரர் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே கிடக்கும் பந்தை அடிக்கலாம். ஆனால் அடிப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று எல்லைக் கம்பைப் பிடுங்கக்கூடாது.

தண்டனைதான் வலிக்கும். குளத்திலோ ஓடையிலோ பந்து போனால் ஓர் அடி அபராதம், அருகிலேயே வேறு பந்தைப் போட்டு ஆடலாம். எல்லைக்கு வெளியே போனால் ஓர் அடி அபராதத்தோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். அடித்த தூரமும் போச்சு. முதல் அடியே வெளியே போயிருந்தால், அதே இடத்திலிருந்து அடுத்து அடிப்பது மூன்றாவது அடி. பந்து வெளியே போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், நடையை மிச்சப்படுத்த ஒரு தற்காலிகப் பந்தை முதலிலேயே அடித்துவைக்கலாம்.

இவ்வளவு கடுமை ஏன்? குளம் மைதானத்தின் ஒரு பகுதி. எல்லைக்கு அப்பால் இருப்பது ஆட்டமே இல்லாத நிலம். அங்கிருந்து ஆட்டத்தைத் தொடர யாருக்கும் உரிமை கிடையாது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் முதல் குழியின் வலப்புறம் முழுக்க ரயில் பாதை ஓடுகிறது. பாதை ரயில்வேயுடையது, அதனால் அது எல்லை. இதில் யாரும் குறைசொல்ல முடியாது.

இப்படி நிலமே தந்த எல்லையை வடிவமைப்பாளர் எப்படிக் கையாள்கிறார் என்பது அடுத்த படி. வலக்கைக்காரர்களில் புதிதாக ஆடுபவர்களின் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்து ஓடும். மைதானத்தின் ஓரமாகக் குழிகளைக் கடிகாரம் சுற்றும் திசையில் அமைத்தால் வெளி எல்லை ஆட்டக்காரரின் இடப்பக்கம் வரும். தவறிய பந்து மைதானத்துக்குள்ளேயே விழும். எதிர்த்திசையில் அமைத்தால் அதே பந்து பக்கத்துச் சாலையில் போகிற பைக்காரர்மீது விழலாம். நகரத்து மைதானங்களில் இது உயிர்ப் பிரச்சினை.

கிண்டியில் சென்னை ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் குதிரைப் பந்தயத் தடத்துக்குள் அமைந்தது. 1884இல் தோன்றிய கிளப் அது. பந்தயத் தடம் வகுத்த வளையத்துக்குள் குழிகளைப் பொருத்துவது, அடுத்தவர் வீட்டு முற்றத்தில் ஆடுவதற்குச் சமம். 2024 செப்டம்பரில் தமிழக அரசு பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்துசெய்து 160 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தை எடுத்துக்கொண்டபோது, எந்த வெள்ளைக் கம்பையும்விடப் பெரிய எல்லை ஒன்று இருப்பது தெரிந்தது.

சிக்கல் தொடங்குவது, கிளப்பின் சொந்த நிலத்துக்குள்ளேயே வெள்ளைக் கம்பு நடும்போது. இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் ராயல் லிவர்பூல் கிளப் 1869இல் ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் தொடங்கியது. அங்கே பயிற்சித் திடலைச் சுற்றிய தாழ்வான மண்கரைக்கு அப்பால் இருப்பதை எல்லைக்கு வெளியே என்று வைத்திருக்கிறார்கள். 2023 ஓப்பன் போட்டிக்காகக் கடைசிக் குழியில் அந்த எல்லையை இன்னும் ஏறத்தாழ 20 யார்டு உள்ளே தள்ளினார்கள். மண்கரை பழைய வரலாறு, அதை ஏற்கலாம். ஆட்டத்தைக் கடினமாக்குவதற்காகவே கோட்டை நகர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. புல் அதே புல், நிலம் அதே கிளப்பின் நிலம். மாறியது கம்பு மட்டுமே.

இப்படிக் கோடு போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1979 அமெரிக்க ஓப்பன் சாட்சி. இன்வர்னஸ் கிளப்பின் எட்டாவது குழியில் லான் ஹிங்கிள் என்பவர், மரங்களுக்கிடையே இருந்த இடைவெளி வழியாகப் பந்தைப் பக்கத்து 17ஆவது குழியின் புல்வெளிக்கு அடித்துக் குறுக்குவழி கண்டார். அடுத்த நாள் ஆட்டம் தொடங்குவதற்குள் அந்த இடைவெளியில் ஒரு ஸ்புரூஸ் மரத்தை நட்டுவிட்டார்கள். ஹிங்கிள் அதையும் தாண்டி அடித்தார். 2017இல் ராயல் பர்க்டேல் மைதானத்தில் நடந்த ஓப்பனில் ஜோர்டன் ஸ்பீத் 13ஆவது குழியில் பந்தை வெகுதூரம் வலப்பக்கம் விட்டார். பயிற்சித் திடல் அங்கே எல்லைக்குள் சேர்ந்திருந்ததால், ஓர் அடி அபராதத்தோடு அங்கிருந்தே ஆடி, ஐந்து அடிகளில் குழியை முடித்தார். கோப்பையும் அவருக்கே. அந்த ஒரு கோடு இருந்திருந்தால் கோல்ஃபின் மிக அழகான மீட்சிகளில் ஒன்றை உலகம் பார்த்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. 2019இல் போர்ட்ரஷ் மைதானத்தில், பதினாறு வயதிலேயே ஒரு சுற்றை 61 அடிகளில் முடித்துச் சாதனை படைத்த தன் சொந்த மண்ணில், ரோரி மக்கில்ராய் ஓப்பனின் முதல் அடியையே இடப்பக்க எல்லைக்கு வெளியே அனுப்பினார். அந்தக் குழியில் எட்டு அடிகள். இரண்டு நாள் முடிவில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் அடுத்த சுற்றுக்கான தகுதியை இழந்தார். உலகின் முன்னணி வீரருக்கே ஒரு கோடு இவ்வளவு செய்யும் என்றால், வார இறுதியில் ஆடுபவரின் நிலை சொல்லவேண்டாம்.

அவர்களுக்காக 2019இல் ஒரு சலுகை வந்தது. கிளப் விரும்பினால் உள்ளூர் விதியாக ஏற்கலாம்: திரும்பி நடக்காமல், பந்து எல்லையைத் தாண்டிய இடத்துக்கு நேராக ஃபேர்வே எனப்படும் நடுப் புல்வெளியின் ஓரத்தில் இரண்டு அடி அபராதத்தோடு பந்தைப் போட்டு ஆடலாம். முதல் அடி வெளியே போயிருந்தால் அடுத்தது நான்காவது அடி. ஏறக்குறைய அதே விலை, நேரம் மட்டும் மிச்சம். உயர்மட்டப் போட்டிகளுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. சாலையும் வீடுகளும் ஒட்டியிருக்கும் நம் ஊர் மைதானங்களுக்கு இது மிகப் பொருத்தம். மதிலும் சாலையும் இருக்கிற இடத்தில் எல்லை அப்படியே நிற்கட்டும். மைதானத்துக்கு உள்ளே நட்ட கம்பு ஒவ்வொன்றிடமும், நீ யாரைக் காப்பாற்றுகிறாய் என்று கிளப்புகள் கேட்க வேண்டும். பக்கத்துக் குழியில் ஆடுபவரின் தலையை என்றால் இருக்கட்டும். வேறு பதில் என்றால் கம்பைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மணல் பள்ளமோ ஒரு மரமோ வைக்கட்டும்.