மழை நாளில் வீட்டுக்குள்

மழை நாளில் வீட்டில் சும்மா இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேரங்காடி வேண்டாம், படம் வேண்டாம். ஒரு குவளை தே ஓ, அம்மாவோடு பல்லாங்குழி, அது போதும். எங்கள் பலகை பாட்டி காலத்தது. சோழிகள் பாதி தொலைந்துவிட்டதால் இப்போது புளியங்கொட்டைதான். மலாய் நண்பர்கள் ஆடும் சொங்காக் இதற்கு உறவு என்றாலும், அதில் ஆளுக்கொரு பெரிய 'வீடு' உண்டு. சுற்றி வரும்போது நம் வீட்டில் ஒரு காய் போடுவோம், எதிராளி வீட்டைத் தாண்டிவிடுவோம். பல்லாங்குழியில் அப்படி வீடே கிடையாது. 14 குழிகள், எல்லாவற்றிலும் காய் விழும்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. மார்கழி பிறந்த வாரம். முதல் நாளிலிருந்தே மழை விடவில்லை. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் என்றால் கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கம் என்றுதான் நமக்கெல்லாம் நினைப்பு. கிள்ளானில் எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. ஜன்னலோரம் பலகையை வைத்துப் படம் எடுத்து, 'மழை, தே ஓ, பல்லாங்குழி. சொர்க்கம்!' என்று புலனத்தில் போட்டேன். போட்டுவிட்டு, தொந்தரவு வேண்டாம் என்று கைப்பேசியின் ஒலியை அடைத்து அறையில் வைத்துவிட்டேன்.

மூன்று ஆட்டம் முடிந்து போய்ப் பார்த்தால், தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து அத்தையின் குரல் பதிவு. "தம்பி, வீட்டுக்குள்ள தண்ணி முட்டி வரைக்கும் வந்துருச்சு. அப்பாகிட்ட சொல்லு." அதற்குப் பிறகு நான்கு அழைப்புகள். அப்பா காரை எடுத்தார், பாதி வழியிலேயே சாலை மூடியிருந்தது. அத்தை பக்கத்து வீட்டு மாடியில் இரவெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருந்து, மறுநாள் படகில் வெளியே வந்தார்.

தண்ணீர் வடிந்ததும் நம் இளைஞர்களோடு நானும் போய்ச் சேறு அள்ளினேன். ஊறிப்போன மெத்தைகள் தெரு ஓரம் மலையாகக் கிடந்தன. அத்தை சாமிப் படங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். என் 'சொர்க்கம்' பதிவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமை சுகத்தைச் சாத்விகம் என்றே நான் நம்பியிருந்தேன். சத்தமில்லை, செலவில்லை, யாருக்கும் தீங்கில்லை. பிறகு கீதையின் 14ஆம் அத்தியாயத்தைப் படித்தபோது இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். தாமசம் என்றால் சோம்பலும் தூக்கமும் மட்டும்தான் என்று இருந்தேன். அங்கே கவனமின்மையும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. இன்னொன்று அதைவிடச் சங்கடமானது: சத்துவமும் நம்மைக் கட்டும். சுகத்தின் மேல் பற்று உண்டாக்கிக் கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் என் பல்லாங்குழி அமைதியாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அமைதி கலையக் கூடாது என்று எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்!

அதற்காக மழையை ரசிப்பதே சுயநலம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழைக்காலத்தில் சந்நியாசிகள் ஊர் ஊராகப் போகாமல் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்ய விரதம் நம்மிடம் உண்டே. ஈரத்தில் வெளியே வரும் புழு பூச்சிகளை மிதித்துவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். வெளியே உள்ள உயிரை நினைத்து அவர்கள் உள்ளே இருந்தார்கள். நான் மறப்பதற்காக உள்ளே இருந்தேன்.

அடுத்த மார்கழியில் பலகையை நான் தொடவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். "பலகைய எங்கடா ஒளிச்சு வெச்சே? எடு."

அன்றைக்குக் கைப்பேசியை அடைத்து வைத்ததைச் சொன்னேன். ஒரு வருடமாகத் தொண்டையில் இருந்தது.

"நீ எடுத்திருந்தா மட்டும் தண்ணி வடிஞ்சிருக்குமா?" என்றார். பிறகு காய்களைப் பிரித்துக்கொண்டே, "இருட்டுல யாராச்சும் பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ்ளோதான்," என்றார்.

ஆடினோம். நடுநடுவே எழுந்து போய் வாசல் கால்வாயை எட்டிப் பார்ப்பார். திரும்ப வந்து உட்காருவார். "யார் ஆட்டம்? ஏமாத்தாதே, உன் பக்கம் ஒரு கொட்டை கூட இருக்கு."